ஏழுமலை வண்டியோட டேஷ்போர்டு

முரளி,

லெட்டர்னா நல்லா இருக்கியான்னு கேட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு உங்கம்மா சொல்றா. நான் கேக்கப் போறதில்லை. நீ நல்லா இல்லேன்னு உன் பொண்டாட்டி கலை போன ஞாயித்துக்கிழமை நேர்லயே வந்து சொல்லிட்டுப் போயிட்டா. தெரிஞ்ச சங்கதியைத் திரும்பக் கேக்கற வழக்கம் எனக்கு இல்லை. நானும் நல்லா இல்லை. சக்கரை ஏறிப்போயி வலது கால் கட்டை வெரல்ல உணர்ச்சி செத்துப்போச்சு, ஒரு கண்ணுல பொரை வுழுந்துகீது, ஸ்க்ரூடிரைவரைப் புடிச்சா கை ஆடுது. இதையெல்லாம் சொல்லி உன் மனசை இளக்கறதுக்கு எழுதறேன்னு நெனைச்சிக்காதே. இளகிப் படிச்சீன்னா இந்த லெட்டரால ஒரு பிரயோஜனமும் இல்லை. நல்லா கோவமா ஒக்காந்து படி. நான் இன்னா எழுதறேன்னு உங்கம்மாவுக்குத் தெரியாது. புள்ளைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதறேன்னு நெனைச்சிகினு அடுப்பாண்ட நிக்கறா.

கலை வந்தப்ப நான் வாசல்ல சேர் போட்டு ஒக்காந்துகினு இருந்தேன். சுங்குவார்சத்திரத்துலேர்ந்து பஸ் ஏறி, ஒரகடத்துல எறங்கி, ஷேர் ஆட்டோ புடிச்சு, இடுப்புல கொழந்தையோட படப்பை வரைக்கும் வந்துகீறா. உங்கம்மா போட்ட காபியைத் தொடலை. "மாமா, அவரு கம்பெனில பெர்மனென்ட் போஸ்ட் ஒண்ணு வந்துருக்கு"ன்னா. லைன்ல வர்ற பிக்கப் வண்டியில டேஷ்போர்டுக்கு உள்ள எதுனா கடகடன்னு சத்தம் வந்தா அதை ஓரமா தள்ளிகினு போயி, டேஷ்போர்டை முழுசா பிரிச்சு, சரி பண்ணித் திரும்ப மாட்டற வேலையாம். வர்ற திங்கக்கிழமை டிரையலாம். ஒரு வண்டியை உன் கையில குடுத்துட்டு குவாலிட்டி ஆளு பக்கத்துல நின்னு பாப்பாராம். அத்தினி பேருல சூப்பர்வைசர் உன் பேரைத்தான் மொதல்ல எழுதினாராம். நீ போயி, "என் பேரை அடிச்சிடுங்க சார், என் கை சரியில்லாத கை"ன்னு சொல்லிட்டு வந்துட்டியாம். ஏழு வருசமா கான்ட்ராக்ட்ல டயர் டிராலி தள்ளிகினு கீறவன் சொல்ற பதிலாடா இது? திங்கக்கிழமை வரைக்கும் யோசின்னு அந்த மனுசன் டைம் குடுத்துகீறாரு. அவரு நல்லவரு போல. நானா இருந்தா அப்பவே அடிச்சிருப்பேன்.

அப்பால உன் பொண்டாட்டி சொன்னதுதான் எனக்குள்ள இன்னும் முள்ளு மாதிரி நிக்குது. "மாமா, தொட்டில் கயிறு கூட அவரு கட்ட மாட்டேங்கறாரு. என்னைக் கட்டச் சொல்றாரு. நான் கட்டினதும் புடிச்சு இழுத்து இழுத்துப் பாக்கறாரு. கேஸை மூடினோமான்னு பஸ் ஸ்டாப்லேர்ந்து திரும்பி வர்றாரு. இந்த மாசத்துல மட்டும் மூணு தடவை கம்பெனி பஸ்ஸை வுட்டுட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா, நீங்க சொன்னா அவரு கேப்பாரு." அதுக்கு நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "அவன் கை அப்படித்தான், வுடும்மா. வெளங்காத கையை வெச்சிகினு டிரையலுக்குப் போயி இன்னா பண்ணப் போறான்"னேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துச்சு. கொழந்தையைத் தூக்கிகினு எழுந்து போயிடுச்சு. உங்கம்மா பின்னாடியே ஓடினா. நான் சேரை வுட்டு எழுந்திரிக்கலை.

உன் கை வெளங்காத கைன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அதை எப்படி ஆரம்பிச்சேன்னு உனக்குத் தெரியணும். நீ ஐடிஐ முடிச்சிட்டு நம்ம ஒர்க்ஷாப்புக்கு வந்த புதுசு. டேஷ்போர்டு பிரிக்கணும்னா நீ மொதல்ல ஒரு அட்டைப்பெட்டியைக் கிழிச்சு அதுல டேஷ்போர்டு படத்தை வரைவே. எந்த எடத்துல ஸ்க்ரூ கழட்டினியோ அட்டையில அதே எடத்துல குத்தி வெப்பே. நான் அத்தினி ஸ்க்ரூவையும் ஒரே பெயிண்ட் டப்பாவுல போட்டு வெச்சு, ஞாபகத்துல மாட்டறவன். உன் அட்டையைப் பாக்கப் பாக்க எனக்குப் பத்திகினு வரும். ஒரு நாளு கடை நெறைய ஆளுங்க இருக்கச் சொல்ல, அந்த அட்டையைத் தலைகீழா கவுத்துத் தட்டினேன். ஸ்க்ரூவெல்லாம் தரையில ஓடிச்சு. "இப்ப மாட்டுடா பாக்கலாம், ஆர்ட்டிஸ்ட்டு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீ முட்டி போட்டு ஒவ்வொண்ணா பொறுக்கினே. நீட்டு ஸ்க்ரூ தனி, குட்டை தனி, வாஷர் வெச்சது தனின்னு பிரிச்சு, பொழுது சாயறதுக்குள்ள மாட்டிட்டே. ஒண்ணு கூட மிச்சமாகலை. எனக்கு எப்பவும் ரெண்டு மூணு மிச்சமாகும்டா. கஸ்டமர் பாக்கறதுக்குள்ள சட்டைப் பாக்கெட்ல போட்டுக்குவேன். உங்கம்மா துணி தொவைக்கச் சொல்ல எடுத்து ஜன்னல்ல வெப்பாளே, அது அத்தினியும் யாரோட வண்டியிலயோ இருக்க வேண்டியது. உனக்கு மிச்சமாகலைன்னு பாத்த அன்னிக்கு எனக்குச் சந்தோசம் வந்திருக்கணும். வரலை. சோறு எறங்கலை. என் கடையிலயே என்னை வுட ஒருத்தன் வந்துட்டான்னு வயிறு எரிஞ்சுது, அவன் நான் பெத்தவன்னு தெரிஞ்சும் எரிஞ்சுது.

அதுலேர்ந்து நீ செஞ்ச வேலையையெல்லாம் நீ போனப்புறம் நான் திரும்பப் பிரிச்சுப் பாக்க ஆரம்பிச்சேன். நீ வூட்டுக்கு சாப்புடப் போவே, நான் டார்ச்சை எடுத்துகினு வண்டிக்குள்ள பூருவேன். எதுனா ஒரு தப்பு கெடைக்காதான்னு தேடுவேன். கெடைச்சா உன்னைக் கூப்புட்டு நாலு பேரு எதிர்ல காட்டலாம்னு. ரெண்டு வருசம் தேடினேன். ஒரு தப்பு கெடைக்கலை. அப்பவும் உன்கிட்ட "இன்னா, ஒழுங்கா மாட்டினியா? சோமாரி வேலை பண்ணலையே?"ன்னுதான் கேப்பேன். நீ தலையைக் குனிஞ்சுகினு "மாட்டிட்டேன் நைனா"ம்பே. அந்தக் குனிஞ்ச தலையைப் பாத்தாதான் எனக்குச் சாப்பாடு எறங்கும். இப்படி ஒருத்தன் இருப்பானான்னு நீ நெனைக்கலாம். இருந்தான், அவன் காசுல துன்னுதான் நீ வளந்தே.

ஏழுமலை வண்டிக்கு வர்றேன். ஏழுமலை நம்மகிட்ட ரெகுலரா வர்ற டிரைவரு, ஒரகடம் கம்பெனிங்களுக்கு பார்ட்ஸ் ஏத்திகினு போற சொந்த பிக்கப்பு. எலி பூந்து டேஷ்போர்டுக்குப் பின்னாடி வயரையெல்லாம் கடிச்சு வெச்சிருந்துது. வண்டி வந்த அன்னிக்குத்தான் வாலாஜாபாத்துல உங்கம்மாவோட பெரியப்பா தவறிப்போனாரு. நான் உங்கம்மாவை இட்டுகினு போயிட்டேன். ரெண்டு நாளு நீ ஒத்தை ஆளா வேலை பாத்தே. பேட்டரி ஒயரைக் கழட்டி, ஸ்டீரிங்கைக் கழட்டி, மீட்டரை எடுத்து, முழு டேஷ்போர்டையும் எறக்கி, வயரை ஒவ்வொண்ணா ஒட்டுப் போட்டு டேப் சுத்தி, திரும்ப ஏத்திட்டே. நான் மூணாவது நாளு மத்தியானம் வந்தப்ப வண்டி கழுவி நின்னுகினு இருந்துது. நீ மூஞ்சியெல்லாம் பல்லா நின்னே. "முடிஞ்சிடுச்சு நைனா, நீ ஒரு தடவை ஓட்டிப் பாரு"ன்னே. நான் "போயி குளிடா, நாறுது"ன்னேன். நீ வூட்டுக்குப் போனே. நான் டார்ச்சை எடுத்தேன்.

மீட்டரைச் சுத்தி இருக்கற பேனலைக் கழட்டினேன். உள்ள டார்ச் அடிச்சேன். ஒவ்வொரு வயரும் சீவி வாரின மாதிரி கெடந்துது. நீ போட்ட கப்ளர் அத்தினியையும் இழுத்துப் பாத்தேன். கலையும் இதைப் படிப்பா, அவளுக்காகச் சொல்றேன்: கப்ளர்னா வயருங்களைச் சேக்கற பிளாஸ்டிக் பூட்டு. சொருகினா க்ளிக்குனு ஒரு சத்தம் வரணும். வந்தா பூட்டிகிச்சுன்னு அர்த்தம். வரலைன்னாலும் வேலை செய்யும், ஆனா வண்டி குலுங்கக் குலுங்க ஒரு நாளு கழண்டுக்கும். நீ போட்டது எல்லாமே பூட்டியிருந்துது. ஒண்ணும் அசையலை. பேனலைக் கையில எடுத்துத் திருப்பறதுக்கு வைப்பருக்குப் போற வயரு குறுக்க நின்னுது. அந்தக் கப்ளரை அமுக்கிப் பிரிச்சேன். பேனலைத் திருப்பிப் பாத்துகினு இருக்கச் சொல்ல ஏழுமலை வந்து, "ஆச்சாண்ணா? லோடு வெயிட்டிங்"னான். அவசரமா கப்ளரைச் சொருகிப் பேனலை மூடினேன். வைப்பரைப் போட்டேன், ஆடிச்சு. சாவியை அவன் கையில குடுத்தேன். க்ளிக் சத்தம் கேட்டுச்சான்னு கேட்டா, கேக்கலை. ஏழுமலை பாட்டு வெச்சிருந்தான், அதுல காதுல வுழலைன்னு எனக்கு நானே ரொம்ப நாளு சொல்லிப் பாத்துகீறேன். பாட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் காது குடுக்கலை, அவ்ளோதான்.

பத்து நாளோ பதினோரு நாளோ கழிச்சு அந்த மழை. ஒரகடம் தாண்டி ரோட்டோரம் நின்ன டிரெய்லரு பின்னாடி ஏழுமலை வண்டி பூந்துடுச்சு. வைப்பரு திடீர்னு நின்னுபோச்சு, கண்ணாடியில ஒண்ணுமே தெரியலைன்னு ஆஸ்பத்திரியில அவன் சொன்னானாம். எடது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. நான் மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகலை. வண்டி கெடந்த எடத்துக்குப் போனேன். நசுங்கின கேபினுக்குள்ள கையை வுட்டுத் தடவினேன். வைப்பரு கப்ளரு தனியா தொங்கிகினு இருந்துது. அதோட பூட்டு ஒடையலை, கீறல் கூட இல்லை. பூட்டாம வுட்டது அதுவா கழண்டுகீது. என் கை பண்ண வேலைன்னு அங்கயே, அந்த நிமிசமே எனக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமா புரிஞ்சுதுன்னு சொல்லி தப்பிக்க மாட்டேன்.

மறுநாளு ஏழுமலையோட அண்ணன் தம்பிங்க மூணு பேரு கடைக்கு வந்து நின்னாங்க. "எவன்டா டேஷ்போர்டு மாட்டினது?"ன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ முன்னாடி வந்தே. "நான்தாண்ணா மாட்டினேன். ஆனா எல்லாத்தையும் பூட்டித்தான் போட்டேன். வைப்பரு கப்ளரு க்ளிக்குனு வுழுந்துது, என் காதால கேட்டேன்"னே. அந்த எடத்துல நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நான் உன்னை அறைஞ்சேன். "ஒருத்தன் காலையே எடுத்துட்டு வியாக்கியானம் பேசறியாடா பேமானி"ன்னு திரும்ப அறைஞ்சேன். கிரீஸ் கை, உன் கன்னத்துல அஞ்சு வெரலும் கறுப்பா பதிஞ்சுது. நீ என்னைப் பாத்து, "நைனா, நெஜமா கேட்டுச்சு நைனா"ன்னே. "உன் காதுக்கு இன்னா வேணா கேக்கும்டா"ன்னு சொல்லி மூணாவது அடி. உங்கம்மா ஓடி வந்து குறுக்க வுழுந்தா, அவளையும் தள்ளி வுட்டேன். உன் கழுத்தைப் புடிச்சு அமுக்கி அந்த மூணு பேரு கால்லயும் வுழ வெச்சேன். கடைசியில அவங்களே, "போதும் வுடுய்யா, புள்ளையைச் சாவடிச்சிடப் போறே"ன்னு என் கையைப் புடிச்சாங்க. அவங்க கோவம் எறங்கிடுச்சு. போலீசு, கேசுன்னு ஒண்ணும் இல்லாம போயிட்டாங்க. அவங்க போனதும் நான் டீ குடிச்சேன்.

ஏன் சொல்லலைன்னு கேப்பே. கடைப் பேரு போயிடும்னு பயந்தேன்னு சொன்னா உனக்குப் புரியும். ஆனா அது பாதிதான். படப்பைலேர்ந்து ஒரகடம் வரைக்கும் டேஷ்போர்டுன்னா என்னைத்தான் கேப்பாங்க, அந்தப் பேரு எனக்குப் பெருசுதான். மீதி இன்னான்னா, உன்கிட்ட ஒரு தப்பு கெடைக்காதான்னு ரெண்டு வருசம் தேடினவன் நான். கெடைச்சிடுச்சுன்னு ஊரே நம்பினப்ப, எனக்கு உள்ள ஒரு நிம்மதி வந்துது. உன்னை மொத அடி அடிக்கறப்ப நான் பண்ணதுன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். மூணாவது அடியில நீதான் பண்ணேன்னு எனக்கே தோணிப்போச்சு. பொய் சொல்றவனுக்கு அடி குடுக்கற கை இருந்தா ரொம்ப சீக்கிரம் நம்ப ஆரம்பிச்சிடுவான்டா, இதை மட்டும் ஞாபகம் வெச்சிக்க. உனக்கும் இப்ப ஒரு புள்ளை கீது.

அதோட நான் வுட்டனா? நீ கடையை வுட்டுக் கம்பெனிக்கு டிராலி தள்ளப் போனப்புறமும் வுடலை. உன் கல்யாணத்துல பொண்ணு வூட்டுக்காரங்க பந்தியில ஒக்காந்துகினு இருக்க, நீ எல போட வந்தே. "இவனை எல போட வுடாதீங்கப்பா, ஒண்ணை வுட்டுட்டுப் போயிடுவான், அவன் ராசி அப்படி"ன்னேன். பந்தியே சிரிச்சுது. கலையும் சிரிச்சா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீயும் சிரிச்சே. அந்தச் சிரிப்பை நான் பாத்தேன், பாத்துட்டு வடை இன்னொண்ணு வெக்கச் சொன்னேன். எலைக் கட்டை அப்படியே உன் மாமனார் கையில குடுத்துட்டு நீ போயிட்டே. அப்பறம் பந்தி முடியற வரைக்கும் உன்னைக் காணோம்.

உன்னைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். இதுல உன் தப்பும் ஒண்ணு கீது. க்ளிக்குனு வுழுந்ததை உன் காதால கேட்டே. கேட்டதை எல்லார் எதிர்லயும் சொன்னே. மூணு அடி வாங்கினதும் உன் காதை வுட்டுட்டு என் கையை நம்பிட்டே. ஏன்டா நம்பினே? பெத்தவன் அடிச்சா நெஜமாயிடுமா? அன்னிக்கு நீ என் கையைத் தட்டி வுட்டு, "நைனா, நீ பேனலைக் கழட்டினியா?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா நான் அங்கயே மாட்டிகினு முழிச்சிருப்பேன். ஸ்க்ரூ ஒவ்வொண்ணுக்கும் எடம் தெரிஞ்சவனுக்கு இந்தக் கேள்வி தோணலை. என்னை நல்லவன்னு நெனைச்சே பாரு, அங்கதான் கெட்டே. உன் புள்ளைக்கு அந்தப் புத்தி வர வுடாதே. நீ தப்பு பண்ணா உன்னைக் கேள்வி கேக்கற புள்ளையா வளத்து வுடு. கேட்டான்னா கை ஓங்காதே.

இந்த லெட்டரை எழுதறதுக்கு முன்னாடி, முந்தா நாளு, நான் ஏழுமலையைப் போய்ப் பாத்தேன். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பாண்ட டூ வீலர் ஸ்டாண்டுல டோக்கன் கிழிச்சுக் குடுத்துகினு ஒக்காந்துகீறான். உனக்குத் தெரியாததா. நான் போயி நின்னு எல்லாத்தையும் சொன்னேன், இதுல எழுதின மாதிரியே. அவன் நடுவுல வந்த வண்டிக்கு ரெண்டு டோக்கன் குடுத்தான். அப்பால கேட்டான்: "முரளிகிட்ட சொல்லிட்டியாண்ணா?"

"இல்லை. உன்கிட்டதான் மொதல்ல."

"ஏன்?"

"உன்கிட்ட சொல்றது சுலபம்"னேன். நெஜத்தைத்தான் சொன்னேன்.

அவன் இன்னொரு டோக்கனைக் கிழிச்சான். "உன் புள்ளை வருசா வருசம் பொங்கலுக்கு மறுநாளு என் வூட்டுக்கு வர்றான். வாழப்பழம், வெத்தலை பாக்கு வெச்சுட்டு என் கால்ல வுழறான். ஒரு காலுதான் கீது, அதுல வுழறான். வேணாம்டா வுடுடான்னாலும் கேக்க மாட்டான். ஏழு வருசமா வுழறான். நீ ஒரு தடவை கூட வந்ததில்லை"ன்னான். "இனிமே அவனை அனுப்பாதே. வேணும்னா நீ வந்து வுழு"ன்னான். முட்டி மடங்காதுப்பா, சக்கரைன்னேன். அது பொய். முட்டி நல்லாத்தான் மடங்குது. அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு போல, சிரிச்சுட்டான். "போண்ணா, வண்டி வருது, ஓரம் போ"ன்னான். நான் ஓரமா வந்து பஸ் ஏறிட்டேன். நீ பொங்கலுக்குப் போறது கலைக்கும் தெரியாது, உங்கம்மாவுக்கும் தெரியாது. எனக்கும் முந்தா நாளு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பனான்னு யோசிச்சுப் பாத்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

மன்னிப்பு கேக்கறதுக்கு இதை எழுதலை. நீ மன்னிக்கற ஆளு, அதனாலதான் கேக்க மாட்டேன். கேட்டா உடனே பஸ் ஏறி வந்து என் கையைப் புடிச்சிகினு அழுவே, நான் உன் முதுகுல தட்டிக் குடுக்கணும், உங்கம்மா கேசரி கிண்டுவா. அது எனக்கு வேணாம். அதே கடை, அதே மூணு பேரு, அதே மத்தியானம் திரும்ப வந்தா உன்னை அறைய மாட்டேன்னு சத்தியமா என்னால சொல்ல முடியலை. அப்படி ஒருத்தனை மன்னிச்சு இன்னா பண்ணப் போறே? உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா அவ நம்ப மாட்டா, புள்ளைக்காக மனுசன் பழி ஏத்துக்கறாருன்னு ஊரெல்லாம் பெருமை பேசுவா.

நீயும் அதைத்தான் நெனைப்பே, எனக்குத் தெரியும். நைனாவுக்கு வயசாயிடுச்சு, என்னை டிரையலுக்கு அனுப்பணும்னு பழியைத் தன் தலையில தூக்கி வெச்சிக்கறாருன்னு நெனைச்சு, கண்ணைத் தொடச்சிகினு, திரும்பவும் டிராலி தள்ளப் போயிடுவே. இன்னிக்கும் என்னை அத்தினி நல்லவனா நெனைக்கறியே, அதான்டா எனக்கு வயித்தெரிச்சல். நான் உனக்காகப் பொய் சொல்ற ஆளு இல்லை, எனக்காகத்தான் சொல்லுவேன். அதனால நீ நம்பறதுக்கு ஒண்ணு தரேன். அந்த மீட்டர் பேனலோட உள்பக்கம், மாட்டினப்புறம் யாரு கண்ணுக்கும் தெரியாத எடத்துல, சில்வர் மார்க்கர்ல நீ ஒரு வரி எழுதி வெச்சிருந்தே. அதை நீ யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டே, சொல்லிச் சிரிக்கற மாதிரி அப்பால உனக்கு ஒரு நாளு அமையலை. கேபினு நசுங்கி ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு. நீ மூடினப்புறம் அதைத் தொறந்தவனுக்குத்தான் அது தெரியும். எழுத்தோட ஒரு ஓரம் டார்ச் வெளிச்சத்துல மின்னிச்சு. முழுசா படிக்கறதுக்குத்தான் நான் வைப்பரு கப்ளரைப் பிரிச்சுப் பேனலைத் திருப்பினேன். படிச்சதும் பனியன் துணியைத் தின்னர்ல நனைச்சு ஒரு எழுத்து வுடாம தொடச்சேன். ஏழுமலை வந்தப்ப தொடச்சிகினுதான் இருந்தேன். அவன் படிச்சிடுவானோன்னுதான் அந்த அவசரம்.

"முரளி பிரிச்சு மாட்டினது, நைனா தொடலை"ன்னு எழுதியிருந்தே.

திங்கக்கிழமை போயி மாட்டு. இந்தத் தடவை நான் தொட மாட்டேன்.